ஏழாம் நம்பர் தட்டாம்பயறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பெயர் ஹெப்சிபா, ஊர் நாசரேத், படித்தது தாவரவியல். இதைக் குமிழங்குளத்துக்காரர்களிடம் வந்த நாளிலிருந்து சொல்லிப் பார்த்துவிட்டேன். "சரிங்க டாக்டரம்மா" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே முழங்கால் வலிக்கு என்ன தடவலாம் என்று கேட்பார்கள். நானும் தலையெழுத்தே என்று நீலகிரித் தைலம் தடவச் சொல்லுவேன். அதில் குணமானவர்கள் வேறு இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

குமிழங்குளம் சிவகாசிப் பக்கத்துக் கரிசல் கிராமம். ஒரு காலத்தில் வீட்டுக்கு இரண்டு பேர் பட்டாசு ஆலைக்குப் போனார்கள். அப்புறம் வானத்தில் ட்ரோன்களைப் பறக்கவிட்டு மயிலும் யானையும் காட்டுகிற காலம் வந்தது. சத்தமில்லை, புகையில்லை, வேலையும் இல்லை. 2037-ல் ஊருக்கு மேற்கே இருந்த ஆலையை இழுத்து மூடினார்கள். முதலாளி போகும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் விட்டுவிட்டுப் போனார். முப்பது வருஷமாகக் கொட்டிய மருந்துக் கழிவு, பதினொரு ஏக்கரில். பேரியம், ஸ்ட்ரான்ஷியம், தாமிரம், ஈயம் என்று எல்லா உலோகமும் அதில் உண்டு. அந்த மண்ணில் சீமைக்கருவேலமே முளைக்க யோசித்தது.

அதைச் சுத்தம் பண்ணத்தான் பல்கலைக்கழகம் என்னை அனுப்பியது. என் கையில் இருந்த ஆயுதம் ஒரு தட்டாம்பயறு. ஆறு தடவை ஜீனை மாற்றித் தோற்று ஏழாவதில் பிழைத்ததால் அதற்கு ஏழாம் நம்பர் என்றே பெயர் நின்றுவிட்டது. சாதாரணப் பயறு உலோகம் பட்டால் சுருண்டுவிடும். இதற்கோ உலோகம் பட்டால்தான் உற்சாகம்! நல்ல மண்ணில் போட்டால் சாணளவு வளர்ந்துவிட்டு சோம்பேறியாக நிற்கும். விஷ மண்ணில் போட்டால் பத்தே நாளில் இடுப்புயரம். உறிஞ்சிய உலோகத்தை இலையிலேயே பூட்டி வைத்துக்கொள்ளும். நாங்கள் அதை அறுத்து, மூடிய சூளையில் எரித்து, சாம்பலைப் பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுவோம். ஒரே ஒரு நிபந்தனை. விதையோ மண்ணோ வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அனுமதி ரத்து, பன்னிரண்டு வருஷ ஆராய்ச்சியும் காலி, நானும் காலி.

வயலில் என் வலது கை சீனியக்கா. சீனியம்மாள் ஆலையில் பத்தொன்பது வருஷம் மருந்து கலந்தவள். பார்வையிட வருகிற அதிகாரிகளுக்கு நான் விளக்கினால் கொட்டாவி விடுவார்கள், அவள் விளக்கினால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

"கல்யாண வீட்டுக்கு ஒரு மாமா குடிச்சிட்டு வர்றாருன்னு வைங்க" என்று ஆரம்பிப்பாள். "அந்த மாமாதான் உலோகம். சில செடி அவரை வாசல்லயே மடக்கி, வேர்ல உக்கார வச்சுக் கலர் சோடா குடுத்து அனுப்பிரும். சில செடி, பழுத்து உதுரப்போற இலைக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிரும். நம்ம ஏழாம் நம்பரு அப்படி இல்ல. உள்ள வாங்க மாமான்னு கூப்பிடும். வந்ததும் ரெண்டு எளவட்டம் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிருவான். அது ஒரு வகைப் புரோட்டீனு, டாக்டரம்மா பேரு சொல்லுவாக. அப்படியே கொண்டுபோயி ஸ்டோர் ரூம்ல தள்ளிப் பூட்டிரும். வீட்ல கல்யாணம் ஜாம் ஜாம்னு நடக்கும்."

"அப்போ மாமா?" என்று அதிகாரி கேட்பார்.

"மாமா உள்ளதான் இருப்பாரு. செத்துப் போகல, தெளியவும் இல்ல. வீட்டை இடிச்சா வெளிய வந்துருவாரு."

பங்குனிப் பொங்கல் வந்தது. முந்தைய இரண்டு வருஷமும் லெந்து என்கிற தவக்காலத்தில் அம்மாவுடன் இருக்க வேண்டும் என்று ஊருக்குப் போய்விட்டேன். அந்த வருஷம்தான் தங்கினேன். முளைப்பாரி என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. பெண்கள் விரதமிருந்து, சட்டியில் மண்ணும் எருவும் போட்டு நவதானியம் விதைத்து, வெயில் படாமல் இருட்டறையில் வளர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். குமிழங்குளத்தில் அதை யாருக்கும் காட்டுவதில்லை. பத்தாம் நாள் மத்தியானம் கோயில் வாசலுக்கு வந்தால்தான் யாருடையது எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும். நெட்டையாக வளர்ந்தால் ஆத்தா அந்த வீட்டுக்குக் கண்ணைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். குட்டையாக நின்றால் அடுத்த பங்குனி வரைக்கும் வாயில் போட்டு மெல்லுவார்கள்.

பதினொரு வருஷமாக நெட்டைச் சட்டி குருவம்மாளுடையது. ஊர்வலத்தில் முதல் ஆளாகப் போகிற உரிமையும் அவளுக்குத்தான். குருவம்மாள் சீனியக்காவின் அண்ணன் பெண்டாட்டி. அது போதாதா!

அன்றைக்கு மூன்று மணி வெயிலில், மேளம் முழங்க, சட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் சட்டி இடுப்புயரம். கூட்டம் "ஆத்தாடி!" என்றது. இரண்டாவதும் இடுப்புயரம். பத்தாவது, இருபதாவது, நாற்பதாவதுகூட. அதற்குப் பின்னால் வந்த குட்டைச் சட்டிகளை யாரும் கவனிக்கவே இல்லை. பெண்களுக்குக் குலவை போட்டுத் தொண்டை கட்டிப்போனது. எனக்கே புல்லரித்தது. கைதட்டிக்கொண்டே ஒரு சட்டியின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தண்டில் நீல நரம்பு ஓடியது.

அந்த நீல நரம்பை வைத்தது நான்தான். ஏழாம் நம்பருக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று.

சீனியக்காவைக் கையைப் பிடித்துத் தேர்க்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"அக்கா, இது நம்ம ஏழாம் நம்பர்தானே?"

"எது?"

"அக்கா!"

"ஒரு கைப்பிடிதான் டாக்டரம்மா."

"அங்கே நாற்பது சட்டி நிக்குது!"

"நாப்பத்தொண்ணு. ஆனா நான் குடுத்தது எதுத்த வீட்டுச் செவந்திக்கு மட்டுந்தான். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சூடத்தை அடிச்சு சத்தியம் பண்ணா. அவளும் அதே மாதிரி சத்தியம் வாங்கிட்டுத்தான் அடுத்தவளுக்குக் குடுத்துருக்கா. எல்லாம் முறையாத்தான் நடந்துருக்கு."

"சரி, மண்ணு? நல்ல மண்ணுல இது வளராதே!"

"அதையும் நீங்கதான சொல்லிக்குடுத்தீக. வயக்காட்டு மண்ணுதான். ஆளுக்கு ரெண்டு கூடை."

"வாட்ச்மேன் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?"

"முன்னால மொதச் சட்டி நிக்குதுல்ல, அது அவரு பெஞ்சாதிதுதான்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ஏன்க்கா இப்படிப் பண்ணே?" என்றேன்.

"பதினோரு வருசம் டாக்டரம்மா! பதினோரு வருசமா மதினி என் சட்டியை எட்டிப் பாத்துட்டு, 'ஆத்தா உங்க தெருப் பக்கமே வரல போலயே சீனி'ன்னு சிரிக்கும். ஒரு தடவையாவது அது மூஞ்சி தொங்கணும்னு நெனைச்சேன். தப்புத்தான். ஆனா அங்க பாருங்க, தொங்கியே போச்சு."

எட்டிப் பார்த்தேன். குருவம்மாளின் சட்டி முழங்கை உயரம்தான். அவள் அதைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

போகட்டும், பூசை முடிந்ததும் சட்டிகளைச் சத்தமில்லாமல் சேகரித்துச் சூளைக்குக் கொண்டுபோய்விடலாம், யாருக்கும் தெரியாது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். "பூசை முடிஞ்சதும் சட்டியெல்லாம் எங்கே வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"வைக்கிறதா? ஊருணியில கொண்டுபோயிக் கரைச்சி…" என்றவள் அப்படியே நின்றாள். கண் விரிந்தது. "அய்யோ டாக்டரம்மா! மாமாவைத் தண்ணிக்குள்ள அவுத்து விடப் போறோமே!"

ஊருணிதான் அந்த ஊருக்குக் குடிதண்ணீர். வேறு கிணறு கிடையாது, போட்ட போர்வெல் எல்லாம் உப்பு. நாற்பத்தொரு சட்டி விஷ மண்ணும், விஷம் பூட்டிய செடியும் அதில் அழுகினால் நூற்று இருபது வீட்டுக்கும் அதுதான் காபி, கஞ்சி, பால் பவுடர். ஊர்வலம் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. வாயைத் திறந்தால் என் ஆராய்ச்சி போகும். உண்மையைச் சொல்கிறேன், பத்து விநாடி யோசித்தேன். அந்தப் பத்து விநாடிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

தர்மகர்த்தா அய்யாக்குட்டியிடம் ஓடினேன். கையில் மைக்கோடு நின்றவரிடம் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று படபடவென்று சொல்லித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "டாக்டரம்மா, நீங்க சர்ச்சுக்குப் போறவுக. உங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா கரைக்காம விட்டா சாமி குத்தமாயிரும். இம்புட்டு நெட்டையா எந்த வருசமும் வந்ததில்ல, இன்னைக்குப் போயி விசம்ங்கிறீகளே!" என்றார்.

சீனியக்கா முன்னால் வந்தாள். தன் சட்டியிலிருந்து ஒரு கொத்து இலையைக் கிள்ளி, கோயில் வாசலில் பொங்கல் வைத்து இறக்கிய, தணல் அடங்காத ஒரு அடுப்பில் போட்டாள்.

இலை சுருண்டது, புகைந்தது, பிறகு பற்றியது. பச்சையாக! சும்மா பச்சை இல்லை, பளீரென்ற கிளிப்பச்சை, ஓரத்தில் சிவப்பு.

மேளம் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பெண்கள் கைரேகை தேய மருந்து கலந்தவர்கள். மில்லிகிராமை நம்பாதவர்கள் தீயை நம்பினார்கள்.

"பச்சை உப்பு!" என்றாள் ஒருத்தி. ஆலையில் பேரியத்துக்கு அதுதான் பெயர்.

"ஓரத்துல ஸ்ட்ரான்ஷியம் பாரு. சும்மா ரெத்தமா நிக்குது."

"அடியே, இது நம்ம ஆலை மருந்துடி!"

சீனியக்கா மைக்கைப் பிடுங்கினாள். "வெதை நான் திருடுனது. மண்ணும் திருட்டு மண்ணு. டாக்டரம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது. இந்தச் சட்டி ஊருணிக்குப் போனா நம்ம புள்ளைக இதத்தான் குடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

அய்யாக்குட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி. வேற யாரு யாரு எடுத்தீக? கையைத் தூக்குங்க."

ஒரு கை எழும்பவில்லை. "சத்தியம் பண்ணிருக்கோம்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"அப்ப தீயே சொல்லட்டும். ஒரு கொத்து இலையோட வரிசையா வாங்க."

அதன்பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வேன்! ஒவ்வொருத்தியாக வந்து இலையைப் போட்டார்கள். பச்சை. சிவப்பு. தாமிரம் அதிகமுள்ள மூலையில் மண் எடுத்தவளுக்கு நீலம். மாட்டிக்கொண்டவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க, கூட்டம் ஓவென்று கத்தியது. நாலு வருஷமாக அந்த ஊர் வண்ணத் தீயைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் குதித்தார்கள். "அந்தா ஊதா! ஊதா யாருது?" என்று கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். வாட்ச்மேன் பெண்டாட்டியின் இலை எரிந்த எரிப்பில் கைதட்டல் அடங்கவே இல்லை, அவர் மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பயத்தில் ஆரம்பித்தது திருவிழாவாகிவிட்டது. நானும் சிரித்தேன், வேலை போகப் போகிறவள் என்பதே மறந்துபோய்.

கடைசியில் குருவம்மாள் வந்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டு, நிதானமாக, கல்யாணப்பெண் மாதிரி. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்கடி. என் வெதை, என் கொல்லை மண்ணு. திருட்டு வித்தை எனக்குத் தெரியாது" என்று ஒரு கொத்தைப் போட்டாள்.

மஞ்சளாக எரிந்தது. குருவம்மாள் சீனியக்காவைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். அப்போது மஞ்சளின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பச்சை ஏறியது.

"மதினீ!" என்று சீனியக்கா கத்தினாள். "நீயுமா!" கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"ஆத்தா மேல சத்தியமா நான் எடுக்கலடி!" என்று குருவம்மாள் என் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா, நீங்களாவது பாருங்க. பத்து நாளு ஒரு வேளைச் சோறுதான் தின்னேன். நான் எடுக்கல!"

தண்டைப் பார்த்தேன். நீல நரம்பு இல்லை. சாதாரண நாட்டுப் பயறு. "எடுக்காதவங்க இன்னும் யாரு இருக்கீங்க? எல்லாரும் ஒரு கொத்து கொடுங்க" என்றேன். இருபத்தெட்டு பேர் கொடுத்தார்கள். இருபத்தெட்டிலும் அதே மெல்லிய பச்சை ஓரம்.

இருபத்தொன்பது வீட்டு மண்ணும் வேறு வேறு. விதை வேறு வேறு. ஒன்று மட்டும்தான் எல்லாச் சட்டிக்கும் பொது.

"தண்ணி எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. சாமிக்கு வளர்ப்பது என்பதால் எல்லாரும் ஊருணியில்தான் மொண்டிருந்தார்கள். ஆலைக் கழிவு மழையோடு மழையாக எப்போதோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

மூன்று வருஷமாக வாரம் தவறாமல் மண்ணைச் சோதித்தேன். வேலிக்கு உள்ளே மட்டும். அனுமதிக் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒரு டம்ளர் ஊருணித் தண்ணீரைச் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் குடித்துக்கொண்டே அவர்கள் முழங்காலுக்குத் தைலம் சொல்லியிருக்கிறேன். மைக்கில் அதை அப்படியே சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஊருணி?" என்றார் அய்யாக்குட்டி, மெதுவாக.

விதைக்கிடங்குச் சாவி என் இடுப்பில் இருந்தது. அதைக் கழற்றிச் சீனியக்கா கையில் வைத்தேன். "இந்தத் தடவை திருட வேண்டாம்" என்றேன்.

நெட்டைச் சட்டிகள் மேளத்தோடு வேலிக்குள்ளேயே திரும்பிப் போயின. ஊர்வலம் ஊருணிக்குப் போனது. கரைக்கவில்லை. கரையைச் சுற்றி ஈரச் சேற்றில் ஏழாம் நம்பர் விதையை ஊன்றினார்கள், குலவையோடு. சாமி குத்தமா என்று கேட்டதற்கு அய்யாக்குட்டி, "வேரு தண்ணிக்குள்ளதான போகுது, ஆத்தா கணக்குல சேத்துக்கிருவா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். குடிதண்ணீருக்கு லாரி ஏற்பாடானது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு நானே அனுப்பினேன். நாலாம் நாள் சஸ்பெண்ட் உத்தரவு வந்தது, ஆய்வகத்துக்குள் காலை வைக்கவே கூடாது என்ற வரியோடு. கரையில் செடி பத்து நாளில் இடுப்பைத் தொட்டது. நெட்டையாக வளர்ந்ததற்காக ஒரு கிராமம் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு வருஷம் அறுத்தோம், எரித்தோம், மறுபடி விதைத்தோம். நான் அங்கேயே தங்கிவிட்டேன். ஆய்வகம் இல்லாததால் அளவுகோல் செடிதான். அதனால் அடுத்த பங்குனிக்கு ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. எல்லா வீட்டிலும் ஏழாம் நம்பர்தான். ஊருணிச் சேற்றில்தான் வளர்க்க வேண்டும். குட்டையாக வந்தால் தண்ணீர் சுத்தம், லாரியை நிறுத்திவிடலாம். குட்டைச் சட்டிக்குத்தான் முதல் மரியாதை.

பத்தாம் நாள் மத்தியானம் சட்டிகள் வந்தன. முதல் சட்டி சாணளவு! அடுத்ததும் சாண். அதற்கடுத்தது சாணுக்கும் ஒரு விரற்கடை குறைவு. குலவை வானத்தைப் பிளந்தது. சீனியக்கா தன் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினாள். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். அய்யாக்குட்டி ஊருணியில் மொண்டு வந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி வைத்திருந்தார், முதல் மடக்கு தான்தான் குடிப்பேன் என்று. லாரிக்காரருக்குப் போன் பண்ண ஆள் எழுந்தாகிவிட்டது.

எல்லாருக்கும் கடைசியாகக் குருவம்மாள் வந்தாள். அவள் சட்டி முழங்கால் உயரம்.

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "மதினிக்கு நெட்டையா வளத்தே பழகிருச்சு!" என்றாள் சீனியக்கா.

குருவம்மாள் சிரிக்கவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். "நான் ஊருணிச் சேறுதான் எடுத்தேன்" என்றாள். "நீங்கள்லாம் எங்கடி எடுத்தீக?"

நான் சீனியக்காவைப் பார்த்தேன். அவள் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "பக்கத்தூரு ஆத்து மண்ணு, டாக்டரம்மா" என்றாள், காதில் விழாத குரலில். "எல்லாருந்தான்."

அய்யாக்குட்டி டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே நின்றார். குருவம்மாள் போய் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் ஊற்றினாள்.

"எனக்கும் குட்டையா வளக்கத் தெரியும்டி" என்றாள். "ஆனா இந்தத் தண்ணிய எம் பேத்தியும்ல குடிக்கப் போறா."

இடுப்பிலிருந்து ஒரு வருஷத்தில் முழங்காலுக்கு இறங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் போதும் என்று நான் கணக்குச் சொன்னேன். லாரிக்காரருக்குப் போன் போனது, நாளைக்கும் வரச் சொல்லி. பிறகு மேளம் ஆரம்பித்தது. ஊரிலேயே நெட்டையான அந்தச் சட்டியைத் தூக்கித் தன் மதினியின் தலையில் வைத்து, முன்னால் போகச் சொல்லி, முதல் குலவையைப் போட்டவள் சீனியக்காதான்.